யூரோப்பா ரிப்போர்ட்: விமர்சகர்கள் பாராட்டிய படம், என் மாடியில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். ஏன்?

மண்டபம் டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். வீட்டு மொட்டை மாடிதான் வகுப்பறை. போன மே மாதம் ஒரு நாள் ராத்திரி, தெரிந்தவரிடம் புரொஜெக்டர் வாங்கி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பிள்ளைகளுக்கு ஒரு படம் போட்டேன். 2013-ல் வந்த 'யூரோப்பா ரிப்போர்ட்'. வியாழன் கோளின் துணைக்கோளான யூரோப்பாவுக்கு ஆறு பேர் போகிற கதை. இயக்கியவர் ஈக்வடார் நாட்டுக்காரர், செபாஸ்டியன் கோர்டேரோ. செலவு ஒரு கோடி டாலருக்கும் குறைவு. நம் மங்கள்யானுக்கே அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் செலவானது என்று பிள்ளைகளிடம் சொன்னபோது ஆச்சரியப்பட்டார்கள்.

ஏன் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், வந்த விமர்சனங்களில் ஐந்துக்கு நான்கு பங்கு நல்லவிதமாக எழுதப்பட்டவை. அறிவியலை மதித்து எடுத்த படம், வீண் சத்தம் இல்லை, விண்கலத்துக்குள் வாழ்வது எப்படி இருக்கும் என்று நம்பும்படி காட்டுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். யூரோப்பாவை ஆராய்கிற நாசா விஞ்ஞானிகளிடம் ஆலோசனை கேட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். இயற்பியல் வகுப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

மாடியில் நடந்தது வேறு. இருபத்திரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் நாலு பேர் தண்ணீர் குடிக்கப் போனவர்கள் திரும்பி வரவில்லை. ஒரு மணி நேரம் ஆனபோது பதினோரு பேர்தான் இருந்தார்கள். "மிஸ், ஒண்ணுமே நடக்கலையே" என்று ஒரு பையன் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பாமார்கள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது அல்லவா. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த ஐந்தாறு பேர் படிக்கட்டிலும் கைப்பிடிச் சுவரிலுமாக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் எழுந்து போனார்கள், அப்பாமார்கள் போகவில்லை. ஆங்கிலம் தெரியாதவர்கள். நான் நடுநடுவே நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

(இனி கதையைச் சொல்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

சூரியப் புயலில் பூமியோடு தொடர்பு அறுந்துபோகிறது. அதைச் சரிசெய்ய இரண்டு பேர் கலத்துக்கு வெளியே போகிறார்கள். ஒருவருடைய உடையில் கிழிசல். ஜேம்ஸ் என்கிற மற்றவர் மேல் ஹைட்ரசின் என்ற எரிபொருள் படிந்துவிடுகிறது. அது கொடிய நஞ்சு. அந்த உடையோடு உள்ளே வந்தால் கலம் முழுவதும் நஞ்சாகும். உடையை வெளியிலேயே கழற்றிவிட்டு உள்ளே இழுக்கலாமா என்று பார்க்கிறார்கள். அதற்குள் கூட வந்தவர் மயங்குகிறார். ஜேம்ஸ் அவரைக் கதவை நோக்கித் தள்ளிவிடுகிறார். தள்ளிய வேகத்தில் தான் பின்னால் போய்விடுகிறார். பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன், அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வழக்கம்போல நிறுத்திவிட்டு விளக்கப் போனேன். என் அப்பா முப்பத்தைந்து வருடம் லாஞ்சு ஓட்டியவர். இருட்டிலிருந்து, "நிறுத்தாத தாயி, ஓடட்டும்" என்றார். படிக்கட்டில் இருந்த ஒருவரும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் வீட்டுக்கு யாரு போயிச் சொல்லுவா?"

என் கேள்வி இதுதான். விமர்சகர்கள் பாராட்டியது எதை? பிள்ளைகள் எழுந்து போனது அவர்களுடைய பொறுமையின்மையா, படத்தின் குறையா, நான் நடத்திய விதமா? அடுத்த மாதம் இன்னொரு குழுவுக்குப் போட நினைக்கிறேன். போடலாமா?

தேவிபட்டினத்தான் எழுதியது:

டீச்சர், நான் ஊரை விட்டுச் சென்னைக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. படத்தொகுப்பு வேலை. இந்தப் படத்தை நாலு தடவை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விமர்சகர்கள் பக்கம். அந்தப் பாராட்டை எப்போது, எதோடு ஒப்பிட்டு எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். 1999-க்குப் பிறகு 'கிடைத்த வீடியோ பதிவு' பாணியில் பேய்ப் படங்களாக வந்து குவிந்தன. கையில் காமிராவோடு ஓடுவார்கள், படம் குலுங்கும், கடைசியில் அலறல். 2013-ல் விமர்சகர்களுக்கு அது சலித்துப்போயிருந்தது. இந்தப் படமும் பதிவுக் காட்சிகளால் ஆனதுதான், ஆனால் காமிராக்கள் கலத்தின் மூலைகளில் பொருத்தப்பட்டவை. அசையாது. யாரும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஏன் படம் பிடிக்கிறார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை, பயணம் என்றால் பதிவு இருக்கும். பணம் குறைவு என்பதை மறைக்காமல் அதையே கதையின் நியாயமாக்கிவிட்டார்கள். மூலையில் இருக்கிற காமிரா என்ன பார்க்குமோ அதைக் காட்டினால் போதும், கலத்தை வெளியிலிருந்து சுற்றிச் சுற்றிக் காட்டுகிற செலவு பெரும்பாலும் மிச்சம். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று தெரியும்.

ஆனால் ஐந்தில் நான்கு என்ற கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். பாராட்டியவர்களிலேயே பலர் இரண்டு குறைகளைச் சொன்னார்கள். ஒன்று, ஆறு பேரில் யாரையும் நெருங்கி அறிய முடியவில்லை. இன்னொன்று, காலத்தை முன்பின்னாகக் கலைத்துப் போட்டது. ஜேம்ஸ் இல்லை என்பது நமக்கு முதலிலேயே தெரிந்துவிடும், எப்படிப் போனார் என்பது பாதிப் படத்துக்குப் பிறகுதான் வரும். நடுவில் பூமியில் இருக்கிறவர்களின் பேட்டிகள் வேறு. இரண்டாவது குறையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஜேம்ஸின் மரணத்தை அதன் இடத்திலேயே வைத்திருந்தால், பின்னால் மற்ற ஐவரும் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கும். உண்மைத்தன்மை இருக்கிறது என்பதற்காகக் கதைசொல்லலில் உள்ள பிசகை மன்னிக்க என்னால் முடியவில்லை. இப்போது நினைத்துப் பாருங்கள், ஏற்கெனவே கலைந்து கிடக்கிற படத்தை நீங்கள் வேறு நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறீர்கள். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை.

இன்னொன்று. அந்த வருடம் ஜூன் 27 அன்று இந்தப் படம் வீட்டில் பணம் கட்டிப் பார்க்கும் முறையில் வந்தது, ஆகஸ்ட் 2 அன்றுதான் தியேட்டர், அதுவும் மிகச் சில தியேட்டர்களில். அக்டோபரில் பத்துக் கோடி டாலர் செலவில் 'கிராவிட்டி' வந்துவிட்டது. அதற்குப் பிறகு விண்வெளிப் படம் என்றால் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். நல்ல விமர்சனம் கிடைத்தும் இந்தப் படத்துக்கு ஆள் சேராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன்னால் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று தேதி வரிசையில் எழுதிவிடுங்கள். மரணத்தைச் சொல்ல வேண்டாம், பயணத்தின் கட்டங்களை மட்டும் எழுதினால் போதும். படம் ஓடும்போது தொடவே தொடாதீர்கள்.

தங்கச்சிமடம் டிரைவர் எழுதியது:

டீச்சர், உங்கள் அப்பா எனக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம். நானும் விசைப்படகு டிரைவர்தான். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று மகனின் போனில் அந்தப் படத்தைப் பார்த்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் புரிய வைத்தான்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று அந்தப் பையன் சொன்னது சரிதான். கடலிலும் அப்படித்தான். திங்கள், புதன், சனி போகிறோம். காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. அதில் வலை இறக்குகிற நேரமும் இழுக்கிற நேரமும் போக மீதி எல்லாம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். காதை எஞ்சினிலேயே வைத்திருக்க வேண்டும், சத்தம் லேசாக மாறினால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் ஆட்கள் எந்நேரமும் ஏதாவது ஒரு மீட்டரைப் பார்த்துக்கொண்டு, எதையாவது எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் இது வேலை தெரிந்தவன் எடுத்த படம் என்று தோன்றியது.

ஆனால் மேலே தம்பி சொன்ன முதல் குறை இருக்கிறதே, ஆட்களை அறிய முடியவில்லை என்பது, அதை நான் என் வழியில் சொல்கிறேன். அந்தக் கலத்தில் யாரும் யாரையும் திட்டவே இல்லை. ஒரு ராத்திரிக்கு ஐந்து பேர் போகிற போட்டில் டீக்குச் சீனி குறைந்ததற்குச் சண்டை வரும். வலை கிழிந்தால் சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்கு, யார் பதில் சொல்வது என்று சண்டை வரும். அரை மணி நேரத்தில் ஒரே தட்டில் சோறு தின்போம். மாதக்கணக்கில் ஒரே அறைக்குள் இருக்கிறவர்கள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அது படித்தவர்கள் பழக்கமோ என்னவோ என்று மகன் சொன்னான். படித்தாலும் மனிதன் மனிதன்தான்.

ஒரே ஒரு ஆள் உண்மை. ஜேம்ஸ் தள்ளிவிட்டதால் பிழைத்தானே, ஆந்திரேய், அவன். அதற்குப் பிறகு அவன் சரியாகத் தூங்குவதில்லை, ஒதுங்கி ஒதுங்கி நிற்கிறான், மற்றவர்கள் அவன் சொல்வதை நம்பத் தயங்குகிறார்கள். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். கூடப் போனவர் கடலில் விழுந்து கிடைக்காமல் போனார், இவர் மட்டும் கரைக்கு வந்தார். இருபது வருடம் ஆகிறது. இன்னும் ஜெட்டிக்கு வருவார், படகில் ஏற மாட்டார். எல்லோருக்கும் வலை சிக்கெடுத்துக் கொடுப்பார். அந்த நடிகர் முகத்தில் அவரைப் பார்த்தேன்.

தொடர்பு போகிற இடத்தைப் பற்றி ஒன்று. எங்களுக்குக் கரை மறைந்து கொஞ்ச தூரத்தில் செல்போன் டவர் போய்விடும். வி.எச்.எஃப். ரேடியோ இருக்கிறது, பக்கத்துப் படகோடு பேசலாம். இப்போது இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டரும் விசைப்படகுகளுக்கு வந்திருக்கிறது, ஆபத்து என்றால் பட்டனை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குத் தெரியும். அது வருவதற்கு முன்னால் புயலில் மாட்டிய ராத்திரிகளில் என் பயம் சாவைப் பற்றி இல்லை. நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று ஒருத்தருக்கும் தெரியாதே என்பதுதான். அந்தப் படத்தில் கடைசியில் ஆந்திரேய் வெளியே போய், உயிர் காக்கிற கருவியைச் சரிசெய்யாமல் தொடர்பைச் சரிசெய்கிறான். என் மகன் "ஏம்ப்பா இப்படிப் பண்ணான்" என்று கேட்டான். எனக்கு அது கேட்க வேண்டிய கேள்வியாகவே படவில்லை.

கீழக்கரைப் பிள்ளை எழுதியது:

அக்கா, நான் கடல் உயிரியல் முதுகலை படிக்கிறேன். வகுப்புக்குப் பயன்படுமே என்று அறிவியல் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

படம் சரியாகச் சொல்வது நிறைய. யூரோப்பா நம் நிலாவைவிடக் கொஞ்சம் சிறியது, குறுக்களவு சுமார் 3,100 கிலோமீட்டர். மேற்பரப்பு மைனஸ் 160 டிகிரி அளவில் உறைந்த பனி, அதற்கு அடியில் உப்புக்கடல் இருக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. அந்தக் கடலில் பூமியின் கடல்கள் அத்தனையையும் சேர்த்ததைப்போல இரண்டு மடங்கு நீர் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அவ்வளவு குளிரில் நீர் ஏன் உறையவில்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கையில் ஒரு கம்பியைக் கொடுத்து, ஒடியும்வரை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தச் சொல்லுங்கள், பிறகு அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுடும். யூரோப்பா மூன்றரை நாளுக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றுகிறது. பாதை சரியான வட்டமாக இல்லாததால் வியாழன் அதை ஒவ்வொரு சுற்றிலும் பிசைந்து விடுகிறது. அந்தச் சூடுதான். நம் கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்குகிற அதே விசைதான் அங்கே ஒரு கோளத்தையே நெளிக்கிறது.

அப்புறம் அந்தத் தொடர்பு. பூமியிலிருந்து வியாழனுக்கு ரேடியோ அலை போக, தூரத்தைப் பொறுத்து 33 முதல் 53 நிமிடம் ஆகும். கேள்வி கேட்டுப் பதில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல். தொடர்பு அறுபடாமல் இருந்திருந்தாலும் ஜேம்ஸுக்கு யாரும் பூமியிலிருந்து யோசனை சொல்லியிருக்க முடியாது.

எனக்கு ஒத்துவராத இடங்கள் இரண்டு. ஒன்று கதிர்வீச்சு. படத்தில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆனால் போதுமான பயத்தோடு பேசவில்லை. வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் யூரோப்பாவின் தரையில் ஒரே நாளில் மனிதனைக் கொல்லும் அளவுக்கு விழுகின்றன. 2024 அக்டோபர் 14 அன்று நாசா அனுப்பிய யூரோப்பா கிளிப்பர், ஆளில்லாத கலம், அதுகூட யூரோப்பாவைச் சுற்றப் போவதில்லை. வியாழனைச் சுற்றிக்கொண்டே கிட்டத்தட்ட 50 முறை யூரோப்பாவை ஒட்டிப் பறந்து உடனே விலகிவிடும். கருவிகள் பிழைப்பதற்காக அப்படித் திட்டமிட்டிருக்கிறார்கள். 2030-ல் போய்ச் சேரும்.

இரண்டாவது, கடைசியில் காட்டும் அந்த ஒளிரும் உயிரினம். பலர் அது சின்னதாக, ஏமாற்றமாக இருந்தது என்று எழுதினார்கள். எனக்கு அது மிகப் பெரியதாக இருப்பதுதான் உறுத்தல். அவ்வளவு பெரிய விலங்கு வாழ எவ்வளவு சாப்பாடும் ஆக்சிஜனும் வேண்டும்! வெளிச்சம் புகாத பனிக்கடலில் அது எங்கிருந்து வரும்? அதற்கு முன்னால் கலத்தின் கடல் உயிரியல் விஞ்ஞானி காத்யா பனியைச் சேகரித்து நுண்ணோக்கியில் ஒரே ஒரு செல்லைப் பார்க்கிறாரே, என்னைப் பொறுத்தவரை படம் அங்கே உச்சத்தைத் தொட்டுவிட்டது. ஒற்றைச் செல் கொஞ்சமா? 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் பூங்கோரை படர்ந்து கடலே பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கினவே, அதைச் செய்தது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிர்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததும் அதனால்தான். உங்கள் பிள்ளைகள் அந்தப் பச்சைக் கடலை நேரில் பார்த்தவர்கள். ஒரு செல் கிடைத்ததற்கு ஏன் ஆறு பேர் உயிரைக் கொடுக்கத் துணிந்தார்கள் என்று அவர்களுக்குப் புரிய வைக்க உங்களால் முடியும் அக்கா.

மண்டபம் டீச்சர் மறுபடியும்:

மூவருக்கும் நன்றி. தேவிபட்டினத்து அண்ணன் சொன்னபடி காலக்கோடு போட்டாகிவிட்டது. கம்பி வளைக்கிற சோதனையை நேற்றே வகுப்பில் செய்தோம், ஒரு பெண் விரலைச் சுட்டுக்கொண்டு சந்தோஷமாகக் கத்தினாள்.

அந்தக் கடைசிக் காட்சி பற்றி மட்டும் தங்கையிடம் ஒன்று சொல்ல வேண்டும். அறிவியலில் நீ சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த விலங்கு வருவதற்கு முன்னால் கலத்தை ஓட்டுகிற ரோசா என்ன செய்கிறார் என்று பார். மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், தண்ணீர் ஏறுகிறது, தான் பிழைக்கப் போவதில்லை என்று தெரிகிறது. கதவைத் திறந்துவிடுகிறார். உள்ளே வருவதை காமிரா பார்க்க வேண்டும், பார்த்தது பூமிக்குப் போக வேண்டும் என்பதற்காக.

என் பாட்டி தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அந்தப் புயலில் அவருடைய அண்ணன் போனார். பாம்பனிலிருந்து வந்த ரயிலில் இருந்தாரா, கரையில் இருந்தாரா என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. பார்த்தவர் ஒருவரும் இல்லை. பாட்டி அறுபது வருடமாக அவரை ஒவ்வொரு விதமாகச் சாகடித்துப் பார்த்துவிட்டார். ஒரு நாள் ரயிலில் இருந்தார் என்பார், இன்னொரு நாள் யாரையோ தூக்கப் போனார் என்பார். அப்பா அன்றைக்கு "யாரு போயிச் சொல்லுவா" என்று கேட்டது எங்கிருந்து வந்தது என்று இதை எழுதும்போதுதான் எனக்குப் புரிகிறது. அதனால் ரோசா கதவைத் திறக்கும்போது நான் அந்த விலங்கைப் பார்க்கவில்லை.

படம் வருகிற ஞாயிறு ராத்திரி ஏழு மணிக்கு. திங்கள்கிழமை படகு இறங்குவதால் அப்பாமார்கள் ஒன்பதுக்குள் வீடு திரும்ப வேண்டும், ஒன்றரை மணி நேரப் படம்தான், சரியாக இருக்கும். இந்த முறை கையில் ரிமோட் வைத்துக்கொள்ளப் போவதில்லை, அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். தங்கச்சிமடத்து அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வலை சிக்கெடுப்பவரையும் கேட்டுப் பாருங்கள், வருவதாக இருந்தால் முன்னாலேயே கதையைச் சொல்லிவிட்டுக் கூட்டி வாருங்கள்.